வெட்கம் என்ற ஒரு சொல்

...அதுவும் யாரும் வற்புறுத்தாமல், பேட்டியில் தன் வாயாலேயே சொன்னது, அதைத்தான் பிரெபென் எழுதி அனுப்பியிருக்கிறான், அச்சுக்குப் போகும்முன் பார்த்துவிடு என்று. பேட்டி கொடுத்தவருக்கு அவர் சொன்னதைக் காட்டிவிட்டுப் போடுவது இங்கே வழக்கம், தகவல் பிழையைத் திருத்தலாம், சொன்னதையே மாற்றக் கூடாது. இந்த விதியை எத்தனை எம்.பி.க்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள் போடில், நாடாளுமன்றத்துக்குப் போகும்முன் இருபத்திரண்டு வருடம் அதே பத்திரிகையில், பிரெபெனுக்கு எதிர் மேசையில்... அப்படியும் சொன்னதை மாற்றி எழுதி அனுப்பிய எம்.பி. மகாராஜாக்களின் கடிதங்களைச் சுவரில் குத்தி வைத்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்களே. இப்போது கோபன்ஹேகன் ரயிலில், எதிர் இருக்கைக்காரன் ஈரல் விழுது தடவிய கறுப்பு ரை ரொட்டியை மெல்லுகிறான், அவள் கைபேசியில் பிரெபென் அனுப்பியதை மறுபடி திறக்கிறாள்.

‘குளிர்காலத்திலும் ஃபெர்ரி படகு ஓடும் என்று தீவுக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தேன். போன வாரம் அதன் மானியத்தை நிறுத்த அவையில் வாக்குப் பொத்தானை அழுத்தினேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.’ மூன்றே வாக்கியம், ஒரு பிழை இல்லை, பிரெபென் காது அப்படி. கட்சி அலுவலகத்தில் பத்திரிகை விவகாரம் பார்க்கும் கிரெஸ்டன் பேட்டியைக் கேள்விப்பட்டுக் காலையிலேயே கூப்பிட்டுவிட்டான், “போடில், வெட்கம்னு அச்சுல வந்துச்சுன்னா திங்கக்கிழமைலேர்ந்து கட்சியோட செய்தித் தொடர்பாளர் நீ இல்ல, பார்த்துக்கோ” என்று, பல் தேய்த்துக்கொண்டே, நுரை வாயோடு. சீ. அந்தத் தீவுக்காரி கெர்தா, வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க அக்கரைக்குப் போகிறவள், தேர்தல் சமயம் துறைமுகத்தில் காபி ஊற்றிக்கொடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளே, “மத்தவங்க புளுகுவாங்க. நீ பத்திரிகைக்காரி, உனக்கு அது வராது.” வராதா? டிசம்பரில் அவள் எப்படிப் போவாள், நீந்தியா? ஆனால் பதவி போய்விட்டால் யாருக்கு என்ன லாபம், உள்ளே இருந்தால்தானே ஏதாவது... இதையேதான் அவர்களும் சொன்னார்கள், சுவரில் தொங்கியவர்கள், ஒருவர் விடாமல்.

ரோஸ்கில்டெ ஸ்டேஷன் தாண்டிவிட்டது. விரல் தன் பாட்டுக்கு அடிக்கிறது, ‘எளிதான முடிவு அல்ல’... இல்லை, தட்டை, அழி. ‘இந்த முடிவு எனக்கு வலித்தது. வலித்ததால்தான் தீவுக்கு வேறு வழி கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.’ வேறு வழி என்று ஒன்றும் கிடையாது, அது அவளுக்குத் தெரியும், ஆனால் அந்த ‘வலித்ததால்தான்’ சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள், பிரெபென் திட்டட்டும், ஒரு வரி போதும், ‘உன்னையும் சுவரில் குத்தவா?’ என்று கேட்டால்கூடப் போதும், உடனே எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடலாம்.

பதில் வந்தது. “போட்டுடறேன். சொன்னதவிட இது நல்லா இருக்கு போடில், எழுத்து இன்னும் உன் கையில இருக்கு.” இருபத்திரண்டு வருடத்தில் பிரெபென் அவள் எழுத்தை நல்லா இருக்கு என்று சொன்னதே இல்லை. முகம் சூடாயிற்று, அவமானம் என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை. சந்தோஷம். திரும்ப ஒருமுறை படிக்க வேண்டும்போல இருந்தது, படித்தாள், பிறகு இன்னொரு முறை.