இணைத் துணைச் செயலாளரின் கார்

"இன்னொரு வாட்டி வண்டி கொதிச்சுதுன்னா வேலைய வுட்டு நின்னுக்கோ" என்று வெங்கடேசன் எச்சரித்தது திங்கட்கிழமை. புதன்கிழமை காலை, மாமல்லபுரம் போகும் வழியில் ஆலத்தூர் அருகே சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. டிரைவர் ஜெபக்குமார் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினான். பானெட் இடுக்கிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது.

வெங்கடேசன் திருப்போரூரில் மனை விற்பவர். மூன்று மாதங்களுக்கு முன் மனை வணிகர் முன்னேற்றப் பேரவையின் இணைத் துணைச் செயலாளர் ஆனார். பேரவையில் மொத்தம் பதினாறு பேர். அதில் பதினான்கு பேர் இணைத் துணைச் செயலாளர்கள். பதவி வந்த மறுநாளே காரின் முன்பக்க கிரில்லை முழுசாக மூடிக்கொண்டு ஒரு பலகை ஏறியது. பெயர், பதவி, கும்பிடும் படம், சுற்றிலும் சீரியல் லைட். லைட்டுக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர். ராத்திரி பூரா எரிய வேண்டும், தெரு பார்க்க வேண்டும் என்பது உத்தரவு.

அன்றிலிருந்து காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. தள்ளி எழுப்பினால் கொஞ்ச தூரத்தில் கொதிக்கும். மெக்கானிக் அப்பாசாமி தெர்மோஸ்டாட்டை மாற்றினார். அப்புறம் வாட்டர் பம்ப். அப்புறம் பேட்டரி. ஒவ்வொரு முறையும் பலகையைப் பயபக்தியோடு கழற்றி, துடைத்து, அதே இடத்தில் மாட்டினார். பேரவையில் சேர அவரும் மனு போட்டிருந்தார். "டிரைவர் கை சரியில்ல தலைவரே" என்பதுதான் அவர் கண்டுபிடித்த கோளாறு.

நாவலூர் கம்பெனிகளுக்கு ஒன்பது வருஷம் கேப் ஓட்டிய கை அது. ஜெபக்குமார் மூன்று மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"மூடியத் தொறந்து தண்ணிய ஊத்துடா. பத்தரைக்கு மீட்டிங் கீது!"

"இப்பத் தொறந்தா மூஞ்சி வெந்துடும் சார். ஆறட்டும்."

"நீ இன்னாத்த ஓட்டற? உன்னால ஒரே பேஜாரு."

"என்னால இல்ல, உங்க போர்டால. ரேடியேட்டருக்குக் காத்தே போவல. மூஞ்சில தலகாணிய வச்சி அமுக்கிக்கினு மூச்சு வுடுன்னா எப்டி சார் வுடும்? காலைல ஸ்டார்ட் ஆவாததுக்கும் அந்த லைட்டுதான் காரணம். பேட்டரிய உறிஞ்சிடுது."

"என் பதவியவே கொற சொல்றியா?"

ஜெபக்குமார் டிக்கியைத் திறந்தான். ஸ்பேனரை எடுத்தான். நாலே போல்ட். பலகையைப் பின்சீட்டில் வெங்கடேசனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, கூலன்ட் ஊற்றி, சாவியைத் திருப்பினான். ஏசியையும் முழுசாக வைத்தான்.

மாமல்லபுரம் வரை முள் பாதியைத் தாண்டவில்லை. வெங்கடேசன் கழுத்தை நீட்டி முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். ஜெபக்குமாருக்கு மூன்று மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு நிமிர்ந்தது.

கூட்டம் நடக்கும் விடுதி வாசலுக்கு நூறடி முன்னால் வெங்கடேசன், "நிறுத்து" என்றார். "போர்ட மாட்டு."

"சார், முள்ளப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். வண்டிதான் நல்லாயிடுச்சே. இனிமே மாட்டலாம்."

ஜெபக்குமார் இன்ஜினை அணைத்து இறங்கினான்.

"மாட்டமாட்டேன்."

"வேலை வேணாமா?"

"வேலை வேணும். இந்த வேலை வேணாம். திரும்பக் கொதிக்கும், திரும்ப என் கைதான் சரியில்லன்னுவீங்க. இந்தாங்க ஸ்பேனரு. நாலு போல்ட்டுதான், நீங்களே மாட்டிக்கோங்க."

பஸ் நிறுத்தம் வரை நடந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான். இணைத் துணைச் செயலாளர் வெள்ளை வேட்டியோடு தார் ரோட்டில் மண்டியிட்டு, மூன்றாவது போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார்.