ஹிமாயாவின் பெயரில் இருந்த வானம்

சாய்ந்தமருதில் சுபைறாவின் வீட்டுக்கு மேல் மே மாதம் பத்தொன்பதாந் திகதி ஏறும் சூரியன், யூலை கடைசி வாரம்வரை இறங்குவதில்லை. நவம்பர் கடைசியில் இறங்கினால் ஜனவரி பாதி கழியும்வரை ஏறுவதுமில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் அயல்வீட்டு றிபாவின் வளவில் ஊருக்குரிய பகலும் இரவும் ஒழுங்காக வந்து போகும். அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர்ச் காணிக்கு மட்டும் வேறு வானம். முதல் வருடம் கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் ஓட்டோ பிடித்து வந்து பார்த்தார்கள். இரண்டாம் வருடம் யாரும் சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் நொத்தாரிசு அழகரெத்தினம். இந்தக் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். பெற்றவர்கள் அதே வீட்டில் ஓர் அறைக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள். வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும்போது, தாங்கள் சாகும்வரை அதில் குடியிருக்கும் உரித்தையும் சேர்த்து எழுதிவைப்பது வழக்கம். சுபைறாவின் கணவர் மீராமுகைதீன் அதை எழுத விடவில்லை. பெற்ற பிள்ளையிடம் இருப்பதற்கு உரித்துக் கேட்பதா என்று சிரித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். அடுத்த வருடம் மௌத்தாகி மண்ணுக்குப் போனார். மகள் ஹிமாயா, மாப்பிள்ளை ஜெஸீமோடு நோர்வேயின் வடகோடியில் போய் இறங்கிய கிழமையே, வீடு தன் சொந்தக்காரி இருக்கும் இடத்து வானத்தை எடுத்துக்கொண்டது. உறுதியைத் திருத்தி எழுதினால் பழைய வானம் திரும்பக்கூடும் என்றார் நொத்தாரிசு. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்த சுபைறா, பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

தொழுகைக்கும் நோன்புக்கும் பள்ளிவாசல் பாங்குதான் கணக்கு, கூரைக்கு மேலே தெரிகிறது கணக்கில்லை என்று மௌலவி தீர்த்துவைத்தார். யூனில், பொழுது சாயும் நேரத்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது சுபைறா கண் கூசக் கூசத் தொழுதாள். அந்த மாதங்களில் அவளுடைய முற்றம் பக்கத்து வீடுகளின் கருவாட்டாலும் புழுங்கல் நெல்லாலும் நிரம்பிக் கிடக்கும். நெல்லைக் கிளற வந்த பெண்கள் இருந்து கதைத்துவிட்டுத்தான் போவார்கள். இருட்டு மாதங்களில் காய வைக்க எதுவும் இல்லை, வர யாரும் இல்லை. கோழிகள் கூட்டை விட்டு இறங்காது. றிபா மட்டும் வேலியால் தலையை நீட்டி, "ராத்தா, உசிரோட இரிக்கிங்களா?" என்று கேட்பாள். சுபைறா இருட்டுக்குள் இருந்து, "நாளைக்கும் கேளு புள்ள" என்பாள்.

ஹிமாயா ஒவ்வொரு வருடமும் ஒரு கப்பலின் படங்களை அனுப்பினாள். அது மலைகளுக்கு இடையால், கரையை ஒட்டியே வடக்கே போய், நிலம் முடிகிற இடத்தில் திரும்பி வரும் கப்பல். ஆறு நாள் பயணம். அவளுக்கு லீவு வருடத்தில் ஒருமுறைதான். உம்மா எந்த மாதம் என்று சொன்னால் இரண்டு பேருக்கும் இடம் பிடித்துவிடுவாள். யூன்தான் நல்லது என்பது அவளுடைய எண்ணம். சூரியன் கடலைத் தொடப்போய்த் தொடாமலே மேலே ஏறும், பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள் என்றாள். குளிர்காலத்தில் கடல் குழம்பிக் கிடக்கும், சில நாட்களில் வானத்தில் பச்சை வெளிச்சம் ஓடும், அதுவும் நிச்சயமில்லை. றிபாவும் யூன் என்றாள். மௌலவியும் கேட்காமலே யூன் என்றார்.

சுபைறா முதல் வருடம் முழங்காலைச் சொன்னாள். இரண்டாம் வருடம் பாஸ்போர்ட்டைச் சொன்னாள். மூன்றாம் வருடம் இன்ஷா அல்லாஹ் என்று மட்டும் சொன்னாள். மகள் காட்ட ஆசைப்பட்ட சூரியன் அவளுடைய துணிக்கொடிக்கு மேலேதான் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கக் கடல் தாண்டிப் போவது வெறும் நடிப்பாகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. வீட்டின் வானத்தைப் பற்றி ஹிமாயாவிடம் சொல்லியிருந்தாள்தான். அவள் கேட்டுக்கொண்டாள், பிறகு அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. நாள்தோறும் வந்த தொலைபேசி வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை என்றானது. பிறகு வெள்ளிக்கிழமையும் ஒன்றுவிட்டு ஒன்றானது. இப்படியே விட்டால் பெருநாளைக்குப் பெருநாள் என்று ஆகிவிடும் என்பது சுபைறாவுக்குத் தெரிந்தே இருந்தது.

நான்காவது இருட்டில் றிபாவும் இல்லை. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக நாற்பது நாள் இறக்காமத்துக்குப் போயிருந்தாள். முதல் கிழமை சுபைறா மணிக்கூட்டைப் பார்த்துச் சமைத்தாள். இரண்டாம் கிழமை ஒருநாள் ஆக்கியதை இரண்டு நாள் சாப்பிட்டாள். மூன்றாம் கிழமை பாங்குச் சத்தத்துக்கு எழும்பித் தொழுதுவிட்டு, தலை வாராமல், கட்டியிருந்த கொண்டையோடே திரும்பப் படுத்துக்கொண்டாள். படலையைத் திறந்து நாலடி நடந்தால் றோட்டில் வெயில் எரிந்தது. அந்த நாலடியை நடக்கத் தோன்றவில்லை. ஒருநாள் காலை றிபா இறக்காமத்திலிருந்து எடுத்து எப்படி என்று கேட்டபோது, "நல்லா இரிக்கன்" என்றாள்.

அன்று பின்னேரம் ஹிமாயா எடுத்தாள். முகம் தெரிகிற அழைப்பு. அங்கே நடுப்பகல், ஆனாலும் குசினியில் இருந்த எல்லாப் பல்புகளும் எரிந்துகொண்டிருந்தன. ஜெஸீம் வருடம் பிறந்ததும் மீன்பிடிக் கப்பலில் ஏறிவிட்டான், பங்குனியில்தான் வருவான். ஹிமாயாவின் கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்து, கட்டி மூன்று நான்கு நாளாகியிருக்கும்போல இருந்தது. எப்படி மகள் என்று சுபைறா கேட்டாள். "நல்லா இரிக்கன் உம்மா" என்றாள் அவள். காலையில் தன் வாயிலிருந்து வந்த அதே குரல் அது என்று சுபைறாவுக்கு விளங்கியது. நான்கு வருடமாக வீடு சொல்லிக்கொண்டிருந்ததையும் அப்போதுதான் கேட்டாள்.

"வாறன் மகள். வாற வருசம் தையில வாறன்."

"உம்மா, அது முழு இருட்டு."

"தெரியும்."

"யூன்ல வந்தா எல்லாம் வடிவாத் தெரியும். இருட்டுல பாக்கிறத்துக்கு ஒண்டுமில்ல உம்மா."

"நீ இரிக்காயே."

இரண்டு குசினிகளிலும் ஒரே இருட்டு ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு ஹிமாயா மூக்கை உறிஞ்சிவிட்டு, தடித்த காலுறை நாலு சோடி கொண்டுவரச் சொன்னாள். அங்கேயே வாங்கலாமே என்றதற்கு, இல்லை, கல்முனைச் சந்தையில் வாங்கியதுதான் வேண்டும் என்றாள். கல்முனையில் அப்படிக் காலுறை விற்றதேயில்லை. சுபைறா ஓம் என்றாள். அடுத்த நாளிலிருந்து அழைப்பு தினமும் வந்தது.

அந்த வருடத்து யூன் சூரியன் வழக்கம்போல வந்து நின்றுவிட்டுப் போனது. அடுத்த ஜனவரி முதல் கிழமை சுபைறா புறப்பட்டாள். சாவியையும் கோழிகளையும் றிபாவிடம் கொடுத்தாள். இருட்டைத் தேடிக் காசு கட்டிப் போகிற முதல் மனுசி நீங்கதான் ராத்தா என்றாள் றிபா.

றிபா ஒவ்வொரு நாளும் பகல் பன்னிரண்டுக்கு டோர்ச்சோடு போய்க் கோழிகளுக்குத் தீன் வைத்துவிட்டு வந்தாள். ஒன்பதாம் நாள் டோர்ச் தேவைப்படவில்லை. கூரைக்கு மேல் பச்சை வெளிச்சம், உதறிப் போட்ட நுளம்பு வலைபோல அசைந்துகொண்டிருந்தது. முற்றத்து மணலில் ஆளில்லாமல் இரண்டு நிழல்கள் விழுந்திருந்தன. ஒன்று கட்டை, மற்றது நெட்டை. கப்பல் கம்பியைப் பிடித்துக் கடல் பார்ப்பவர்களைப்போல ஒட்டி நின்றன. கட்டை நிழல் ஒரு கையை எடுத்து, வெளியே வந்திருந்த மயிரை நெட்டை நிழலின் முக்காட்டுக்குள் ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தது. றிபா அவற்றை மிதிக்காமல் வேலியோரமாகச் சுற்றிப் போய்க் கோழிகளுக்குக் குறுணலைப் போட்டாள். பிறகு வந்த வழியே திரும்பி, படலையைச் சத்தம் வராமல் சாத்தினாள்.