கீழ்த்தட்டு

இன்குபேட்டரைப் பழுதுபார்க்க வந்தவர் இரண்டு தட்டிலும் வெப்பமானி வைத்துப் பார்த்துவிட்டு, கீழ்த்தட்டில் இரண்டரை டிகிரி குறைவு என்றார். விசிறி தேய்ந்துவிட்டதாம். எத்தனை நாளாக என்று கேட்டேன். "வருஷக் கணக்கா இருக்கும் மேடம்" என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டு விசிறியைக் கழற்றத் தொடங்கினார்.

ஆய்வகத் தலைவி என்று பெயர். நான் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து ஆறு வருடம் ஆகிறது. விண்ணப்பம், கூட்டம், கையெழுத்து, மறுபடி கூட்டம். மீன் முட்டை எப்படி வளர்கிறது என்று பார்க்கப் போனவள் பேப்பரை வளர்க்கிறாள் என்பார் வீட்டுக்காரர். பதிலுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

ஒரு மரபணுவை நீக்கினால் மீன் கருவின் இதயம் நான்கு மணி நேரம் தாமதமாகத் துடிக்கத் தொடங்கும்: என் மாணவி நான்கு வருடம் உழைத்துக் கண்டது இது. அவளுக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர். முட்டைகளைப் பார்க்கும் வேளை தவறினால் அவளுக்குச் சோறு இறங்காது. அடுத்த மாதம் அவளுக்கு முனைவர் பட்டத் தேர்வு. சாதாரண முட்டைகள் எப்போதும் மேல்தட்டில், மரபணு நீக்கியவை கீழ்த்தட்டில். ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாதென்று, அவள் சேர்ந்த அன்றே சீட்டெழுதி ஒட்டியவள் நான். குளிர்ந்தால் எந்தக் கருவும் மெதுவாகத்தான் வளரும். முதல் வகுப்பில் நானே நடத்துகிற பாடம்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பொய் எதற்கு, அரை மணி நேரம் தோன்றியது. பிறகு அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அழவில்லை. புது விசிறி ஓடத் தொடங்கியதும், இருவகை முட்டைகளையும் இரண்டு கிண்ணங்களில் எடுத்து மேல்தட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் மதியம் என்னை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். தெளிந்த முட்டைக்குள் கடுகில் பாதிகூட இல்லாத இதயம் அப்போதுதான் துடிக்க ஆரம்பித்திருந்தது. கிண்ணத்தை மாற்றினாள். நான்கு மணி நேரம் பிந்த வேண்டியதும் துடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ரெண்டும் ஒரே நேரம்தான் மேடம்."

நோட்டில் மணியைக் குறித்தாள். எழுந்து போய், இன்குபேட்டர் கதவில் இருந்த என் சீட்டை நகத்தால் சுரண்டினாள். பாதிதான் வந்தது.

"ரொம்பக் கெட்டியா ஒட்டியிருக்கீங்க" என்றாள்.

மீதியை நான் போய்ச் சுரண்டினேன்.