ஓரம் வெட்டப்படாத மூலப்படம்

1

இந்தக் கதை ஒரு பழுப்பு உறையிலிருந்து வந்தது. செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. 'மடக்கக் கூடாது' என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. உள்ளே ஒரு புகைப்படம். அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. படத்தில் என்ன இருந்தது என்று இப்போதே சொன்னால் கதை முடிந்துவிடும். ஆகவே கொஞ்சம் பொறுங்கள்.

('கொஞ்சம் பொறுங்கள்' என்று எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இன்று நானே எழுதுகிறேன்.)

முதல் தொடக்கம்: 'நான்கு பக்கமும் சமமாக இருப்பது சதுரம்.' வேண்டாம், கணக்கு டீச்சர் வந்துவிட்டார்.

இரண்டாம் தொடக்கம்: 'அவள் கண்ணுக்கு உலகமே ஒரு ஜன்னலாக' — சே.

மூன்றாம் தொடக்கம்: 'அவள் அடிபட்ட கார்களைப் படம் எடுப்பவள்.' இது நிற்கிறது. பார்ப்போம்.

2

அவள் அடிபட்ட கார்களைப் படம் எடுப்பவள். காப்பீட்டு நிறுவனத்துக்காக விபத்து வண்டிகளைப் பார்வையிட்டு, எந்த நசுங்கல் இன்றையது, எது போன வருடத்தது என்று அறிக்கை எழுதுவது வேலை. ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக அலைவாள். கைப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் கேமரா. வண்டிக்காரர்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். 'நான் சும்மா நின்னுட்டிருந்தேன் மேடம், தூண்தான் வந்து இடிச்சது' என்றுகூட ஒருவர் சொல்லியிருக்கிறார். படத்தின் ஓரத்தை வெட்டினால் தூண் காணாமல் போகும், தூணோடு உண்மையும் போகும். அதனால் அலுவலகத்தில் ஒரு கண்டிப்பு: ஒவ்வொரு படத்தின் பின்னாலும் 'ஓரம் வெட்டப்படாத மூலப்படம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாரத்தில் ஆறு நாள் அதை எழுதியே அவளுக்கு விரல் காய்த்துப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமையானால் அதே கேமராவைச் சதுரத்துக்கு மாற்றிவிடுவாள். கழுவிக் கவிழ்த்த டம்ளர், கதவுப் பிடி, மாமாவின் வழுக்கை எல்லாம் கட்டத்துக்குள் வந்து உட்காரும். வீட்டில் அவளுக்குப் பெயரே 'கட்டம்'. அவள் கேமராவை எடுத்தாலே மாமா, அதாவது அம்மாவின் தம்பி, "எனக்குக் கட்டம் சரியில்ல, மாட்டிக்கிட்டேன்" என்பார்.

ஏன் சதுரம் என்று கேட்டால் அவள் சொல்வது எளிது. நீளப் படத்தை நிமிர்த்துவதா படுக்க வைப்பதா என்று யோசித்தே பொழுது போய்விடுகிறது. சதுரத்தில் அந்தக் கவலை இல்லை. இடம் குறைச்சல், அதனால் எது வேண்டும் என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். 'ஆறு நாள் எல்லாத்தையும் காட்டுறேன். ஒரு நாளாவது பிடிச்சதை மட்டும் பார்த்துக்கறேனே' என்பாள்.

3

இங்கே ஒரு சின்ன உபதேசம். ஃபிலிம் காலத்துச் சதுரக் கேமராவில் ஃபிலிமின் கட்டமே சதுரம். அதற்கு வெளியே எதுவும் கிடையாது. டிஜிட்டல் கேமராவின் கண்ணோ பெரும்பாலும் நீளமானது. சதுரத்துக்கு மாற்றினாலும் அது முழுசாகத்தான் பார்க்கிறது. அவள் கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டாகச் சேமிக்கும்: நமக்குக் காட்ட ஒரு சதுரம், தனக்கென்று ஒரு மூலக் கோப்பு. அந்த மூலத்தில் இரண்டு ஓரமும் அழியாமல், மறைந்து இருக்கும்.*

* தெரிந்தவர்கள் சிரிக்க வேண்டாம். எனக்கு இது இந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. மூன்று வருடம் முன்பே தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

4

அம்மாவின் கடைசிப் படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுப் பின்கட்டில் எடுத்தது. நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பின்னால் மாமாவும் மூத்த மாப்பிள்ளையும் நின்றார்கள். அம்மாவின் வலப்பக்கம் ஒரு நாற்காலி, இடப்பக்கம் ஒரு நாற்காலி, இரண்டு பெண்களுக்கும். எல்லாரையும் நெருக்கி உட்கார வைத்துக் கட்டத்துக்குள் அடைத்துவிட்டு, பத்து நொடி டைமரை அழுத்தினாள் இளையவள். அழுத்தியதும் ஓடினாள். செருப்பு நழுவியது. போய்ச் சேர்வதற்குள் கேமரா 'க்ளிக்' என்றது. இன்னொன்று எடுப்பதற்குள் அம்மா 'போதும்டி' என்று எழுந்துவிட்டாள்.

இரண்டு மாதத்தில் அம்மா போய்விட்டாள். இளையவள் அந்தச் சதுரத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். அம்மா சிரிக்கிறாள், ஆனால் கேமராவைப் பார்த்து இல்லை; படத்துக்கு வெளியே எதையோ பார்த்து. ஒரு கையும் எதிர்ப்பக்கமாக நீண்டு வெளியே போகிறது. 'பூனையைப் பார்த்திருப்பா' என்றார் மாமா. மூத்தவள் பூனையைத் தேடவில்லை. தன்னைத் தேடினாள்.

"அம்மாவோட கடைசிப் படத்துல அவ தம்பிக்கு இடம் இருக்கு, மருமகனுக்கு இடம் இருக்கு. எனக்கு மட்டும் இல்ல. என்னைக் கட்டம் கட்டி வெளிய தள்ளிட்டியேடி."

இளையவள் ராத்திரியெல்லாம் அழுது, சொந்தக்காரர்களுக்குக் காப்பி போட்டு, சோர்ந்து நின்றவள். வாயில் வந்ததைச் சொன்னாள். "சதுரம்னா அவ்வளவுதான்க்கா."

அவ்வளவுதான். மூன்று வருடம் பேச்சு நின்றுபோனது.

5

இந்த அக்கா பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. ஒரு படத்துக்காக மூன்று வருடமா? யார் நம்புவார்கள்? அவளைப் பொல்லாதவளாக எழுதிப் பார்த்தேன், அசிங்கமாக இருந்தது. பாவப்பட்டவளாக எழுதினேன், பொய்யாக இருந்தது. 'அக்கா' என்பதை அடித்துவிட்டு 'அண்ணன்' என்று மாற்றினேன். அண்ணனாயிருந்தால் மூன்றாம் நாளே மறந்திருப்பான். அவளுடைய நியாயத்தைச் சொல்ல நினைத்து, 'அவள் மனசுக்குள்' என்று தொடங்கி —

சரி, விடுங்கள். எவ்வளவு நேரம் தள்ளி நின்று எழுதுவது. அந்த அக்கா நான்தான்.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று வருடம் இருந்தவள் நான். படத்தில் இடம் பிடித்த அந்த மாப்பிள்ளை என் வீட்டுக்காரர். 'நீயே கூப்பிட்டுப் பேசேன்' என்று மாதம் ஒருமுறை அவர் சொல்வார். 'நீங்கதான் படத்துல இருக்கீங்களே, உங்களுக்கென்ன' என்பேன்.

6

இப்போது உறை. உள்ளே இருந்தது அதே படம்தான், ஆனால் நீளமாக. பழைய கம்ப்யூட்டரை ஒழித்தபோது மூலக் கோப்பு அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். (இது என் ஊகம். கடிதம் ஏதும் இல்லை.)

படத்தில் அம்மாவின் இடப்பக்க ஓரத்தில் நான் இருக்கிறேன். உட்கார்ந்தபடி இல்லை. கண்ணில் வெயில் அடித்திருக்கிறது. பாதி எழுந்து, நாற்காலியைப் பிடித்து நிழலுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறேன். கண் இடுங்கி, வாய் திறந்து, ஏதோ சொல்கிறேன். என்னை யாரும் தள்ளவில்லை. அவள் அடைத்துவைத்த கட்டத்திலிருந்து நானேதான் எழுந்து போயிருக்கிறேன். அது எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. மூன்று வருடமாக 'தூண்தான் வந்து இடிச்சது' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள். நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கிறாள்.

எதிர் ஓரத்தில் ஒரு காலி நாற்காலி. அம்மாவின் வலது கை அதன்மேல் இருக்கிறது, ஓடி வருகிறவளுக்காக அதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு இடம் பிடித்து வைத்த மாதிரி. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சதுரத்தில் அவளும் இல்லை. அம்மாவின் கடைசிப் படத்தில் தானும் இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் எங்கே என்று நானும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. பால் பொங்கியது அப்போதுதான்.

படத்தின் பின்னால் அவள் கையெழுத்து. 'ஓரம் வெட்டப்படாத மூலப்படம்.' தேதி. அதற்குக் கீழே, அலுவலக வழக்கப்படியே, 'சேதத்தின் காரணம்:' என்று எழுதிக் காலியாக விட்டிருந்தாள். நான் பேனா எடுத்து நிரப்பினேன்: 'நாற்காலியை நகர்த்தியவள்.' என் கையெழுத்தும் போட்டேன். அந்தக் கேமராவுக்கு நன்றி. நாங்கள் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அது எங்கள் இருவரையும் அம்மாவோடு பத்திரமாக வைத்திருந்தது. அதைத் தேடி எடுத்து, மடங்காமல் அனுப்பிய என் தங்கைக்கு அதைவிட நன்றி. இதை எழுதவே எனக்கு மூன்று வருடமும் இவ்வளவு பக்கமும் ஆகியிருக்கிறது.

7

முடிவுகள். (அ) நீளப் படத்தை மாட்டுவது. (ஆ) சதுரத்தையே விட்டுவைப்பது; எனக்கு அதுவும் இப்போது பிடித்திருக்கிறது. இரண்டு பெண்களையும் நோக்கி அம்மா நீண்டு போகிற படம் அது. (இ) வாசகர்களாகிய நீங்களே ஒன்றைத் தேர்ந்து —

இல்லை. இந்த வகைக் கதையில் முடிவை உங்களிடம் கொடுப்பது வழக்கம்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், இது உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அம்மாவை அப்படிச் சிரிக்கவைக்க நான் அன்று என்ன சொன்னேன்? எனக்கு ஞாபகமில்லை. மாமாவுக்குக் காது மந்தம். என் வீட்டுக்காரரைக் கேட்டால் 'நான் கேமராவைப் பார்த்துட்டிருந்தேன்' என்கிறார். அப்போது எங்களை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தவள் ஒருத்திதான் கேட்டிருப்பாள்.

போனை எடுத்தேன். நாலாவது மணியில் எடுத்தாள். ஒர்க்‌ஷாப்பில் இருந்தாள்போல, பின்னால் தகரம் தட்டும் சத்தம்.

"அக்கா?"

மன்னிப்பு என்று எழுதிவைத்திருந்த நாலு வரியையும் மறந்துபோனேன்.

"அன்னிக்கு நான் என்னடி சொன்னேன்? அம்மா அப்படிச் சிரிக்கறாளே."

தகரச் சத்தம் தள்ளிப் போனது, வெளியே வந்திருப்பாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள், சிரித்தாள், சொன்னாள்.

அவள் சொன்னது இந்தப் பக்கத்தின் ஓரத்துக்கு வெளியே இருக்கிறது. நான் அதை வெட்டவில்லை. மறைத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.