வலது தொடை

அக்காவுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. வெட்டியெடுத்த தசையைக் கடுங்குளிரில் உறைய வைத்து, ஊதினால் பறக்கிற அளவுக்கு மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவாள். யார் யாருடைய தொடையோ வந்திருக்கிறது. தம்பியினுடையது வரும் என்று நினைத்ததில்லை.

தம்பி, வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் தூக்குபவன். பீரோவை முதுகில் கட்டி மாடி ஏறுவான். போன வருடம் இடது கால் தடுமாறத் தொடங்கியது. இப்போது வலதும் லேசாகத் தளர்ந்து, நாற்காலியிலிருந்து எழுவதற்கே தன் தொடையைத் தானே பிடித்து ஏறவேண்டியிருந்தது. ஆனால் இடது கெண்டைக்கால் மட்டும் பருத்துக்கொண்டே வந்தது. கூட்டாளிகள் 'பயில்வான்' என்று பெயர் வைத்தார்கள்.

தசையில் அழற்சி என்றால் மாத்திரை உண்டு, மறுபடி பாரம் தூக்கலாம். பிறவிக் கோளாறு என்றால் மருந்தே கிடையாது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

அன்று மாலை அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவன் சொன்னான்: "செத்த கால்லயே வெட்டச் சொல்லுக்கா. நல்லதைத் தொட வேணாம். எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

பாதி கெட்ட தசையைத்தான் வெட்டவேண்டும். முழுக்கக் கெட்டதில் படிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. அவளுக்கு அது அத்துப்படி. மறுநாள் காலை, கத்தி வைக்கப்போகிறவர் அவளிடம் கேட்டார்: "பாதி பலம் இருக்கற பக்கம் எதும்மா?"

"இடது" என்றாள்.

அவர் நம்பினார்.

கண்ணாடியில் வெறும் நுரை தெரிந்தது. கொழுப்பு, நடுநடுவே வடுவின் நார். முழுசாக ஒரு தசைச் செல்கூட இல்லை. அவள் நுண்ணோக்கியை அணைத்துவிட்டுத் தம்பியிடம் போய்ச் சொன்னாள்.

"கொழுப்பா?" என்றான் தம்பி. "அம்மா சின்ன வயசுலேயே சொன்னா. நாமதான் நம்பல."

அவள் சிரிக்கவில்லை. "மறுபடி வெட்டணும்டா. வலதுல."

"இடதுன்னு நீதானே சொன்னே?"

"நீ கேட்டே. சொன்னேன்."

"நான் மூட்டை தூக்கறவன், கேப்பேன். உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

அவன் வலது தொடையைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, "அப்படி என்னதான் இருக்கு உள்ளே?" என்றான்.

அவள் மேசையில் விரலால் கோடு இழுத்தாள். "ஒவ்வொரு செல்லும் முடி மாதிரி மெல்லிசு, நீளம். உள்ளே தடிச்ச இழையும் மெல்லிசு இழையும் மாத்தி மாத்தி அடுக்கியிருக்கும். நரம்புலேருந்து உத்தரவு வந்ததும் தடிச்சது மெல்லிசைப் பிடிச்சு இழுக்கும். விட்டுட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு இழுக்கும். அத்தனையும் சேர்ந்து இழுத்தாத்தான் பீரோ கிளம்பும்."

"கயிறு இழுக்கற மாதிரி."

"அதே மாதிரிதான்."

"அங்கயும் நம்ம ஆளுங்கதானா. கூலி?"

"ஒவ்வொரு இழுப்புக்கும் உண்டு. பிடிச்சதை விடறதுக்கும் கூலி தரணும். இல்லேன்னா விடாது. செத்தவன் விறைச்சுப் போறது அதனாலதான்."

"விடறதுக்குக் கூலியா? எங்க முதலாளி காதுல போட்டுடாதே."

வலது தொடையில் வெட்டினார்கள். துண்டை அவளே வாங்கி உறைய வைத்தாள். மெதுவாக உறைந்தால் பனி முளைத்துச் செல்லெல்லாம் ஓட்டையாகிவிடும்.

இந்த முறை செல்கள் இருந்தன. குறுக்குவெட்டில் தளக்கற்கள் போல நெருங்கி, செல்லின் கருக்கள் ஓரத்தில் ஒதுங்கி. நீளவாட்டில் சீவியதில் வரிவரியாக. இத்தனை வருடத்தில் இவ்வளவு அழகாக அவளுக்குச் சீவ வந்ததில்லை. நடுநடுவே சில உப்பி உருண்டிருந்தன. சிலவற்றில் கரு மையத்துக்கு நகர்ந்திருந்தது. அழற்சியின் அடையாளம் எங்கும் இல்லை.

கடைசிச் சாயம் பாக்கியிருந்தது. செல்லின் ஓரத்தில் இருக்கவேண்டிய ஒரு புரதத்தை அது பழுப்புக் கோடாகக் காட்டும். தம்பியின் தசையில் கோடு விழவில்லை. சாயம் கெட்டிருக்கவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அதே சாயத்தில் நனைத்து, ஒப்பிட வைத்திருந்த வேறு யாருடையதோ தசையைப் பார்த்தாள். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்புக் கோடு துல்லியமாக இருந்தது.

பெரிய டாக்டரும் பார்த்தார். "நானே சொல்லட்டுமா?" என்று கேட்டார். அவள் வேண்டாமென்றாள்.

தம்பி கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "நம்ம ஆளுங்க என்ன சொல்றாங்க?"

"அவங்க ஒழுங்காத்தான் இழுக்கறாங்க. செல்லோட தோல்தான் கிழியுது. பாரம் இழுத்தா எல்லாருக்கும் கிழியும், உடனே ஒட்டுப் போட்டுக்கும். உனக்கு ஒட்டுப் போடற சரக்கு இல்ல. பிறக்கும்போதே இல்ல."

அவன் யோசித்தான். "அப்ப நான் தூக்கினதெல்லாம்?"

"கிழிச்சிருக்கும்."

"மாத்திரை?"

அவள் தலையை அசைத்தாள்.

"சரி, இது ஒண்ணு சொல்லு. இனிமே நடக்காம பத்திரமா வச்சுக்கவா, இருக்கறப்பவே நடந்து தீத்துடவா?"

அவன் எழப் பார்த்தான். இரண்டு கையையும் வலது தொடையில் ஊன்றினான். தையல் இழுத்தது. கட்டுத்துணியில் சிவப்பு கசிந்தது. அவள் குனிந்து கை கொடுத்தாள். அவன் பிடித்து எழுந்து நின்றான்.

"விடுக்கா" என்றான்.

அவள் விடவில்லை.