மஞ்சள் வைத்த டிராப்ட்

கவுஞ்சியில் எதைத் தொடங்கினாலும் முதலில் மஞ்சள்தான். விதைக்கிழங்கு மூட்டையோ, கல்யாணப் பத்திரிகையோ, புது மண்வெட்டியோ, நாலு மூலையில் மஞ்சளும் நடுவில் குங்குமமும் வைக்காமல் சண்முகசுந்தரி வீட்டில் ஒன்றும் வாசல் தாண்டாது. அவளுக்குக் கைராசி என்று ஊரே சொல்லும். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

அவளும் புருசன் பொன்னுவேலும் பாடுபட்ட நிலம் அவர்களுடையதல்ல, கோடைக்கானலில் இருந்த ஒரு துரையுடையது. சரிவில் கல்லடுக்கிக் கரை கட்டியது பொன்னுவேலின் அப்பன். கிழங்கு போட்டதும் குடிசை கட்டிக் குடியிருந்ததும் இவர்கள். துரை சீமைக்குக் கிளம்பும்போது அப்படியே ஏலத்துக்கு விட்டுவிட்டார். வேறு யாராவது எடுத்தால் குடிசையும் போகும், பிழைப்பும் போகும்.

ரொக்கத்தோடு மலையிறங்கப் பயந்த ஏலக்காரர் ஒரு விதி போட்டிருந்தார். செக் வேண்டாம், அது திரும்பி வந்தாலும் வரும். நோட்டுக்கட்டும் வேண்டாம். பாங்க் டிராப்ட் கொண்டு வருகிறவர்தான் ஏலம் கேட்கலாம், டிராப்ட் என்றால் பாங்கே பொறுப்பு.

பொன்னுவேல் அந்தப் பேரையே கேட்டதில்லை. வருசா வருசம் கிழங்கு போடும் மண்டிக்காரர் சேனாதிபதியிடம் ஓடினான். மாடும் சுந்தரியின் நகையும் காசாயின. சேனாதிபதி தன் சோலியைப் போட்டுவிட்டு இருவரையும் பாங்குக்குக் கூட்டிப்போனார். குமாஸ்தா நீல மையில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்த காகிதத்தைத் தானே வாங்கிப் பொன்னுவேல் கையில் வைத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். இந்த இரண்டு வெள்ளாந்திகளுக்கும் அது தெரியவில்லை.

"நல்ல காரியம் தாயி," என்றார் பாங்கு வாசலில். "ஏலத்தன்னிக்கு வெள்ளனே மஞ்சள் வச்சுக் கொண்டாங்க. நல்லாக் கொழைச்சு, அழுத்தி வைங்க. உங்க கைராசிதான் தெரியுமே."

ஏலத்துக்கு முந்தின நாளே கோடைக்கானல் வந்து, சேனாதிபதியின் மண்டியிலேயே படுத்துக்கொண்டார்கள். விடிந்ததும் சுந்தரி பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு மஞ்சளைக் குழைத்தாள். நாலு மூலையிலும் அழுத்தி வைத்தாள். நடுவில் பெரிய பொட்டாக மஞ்சளிட்டு அதன்மேல் குங்குமம் வைத்தாள். பொன்னுவேல் கண்ணில் ஒற்றி, நாலாக மடித்து மடியில் கட்டிக்கொண்டான்.

ஏலக்காரர் மேசையில் அதைப் பிரித்தபோது காகிதம் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. பிரிந்ததும் மஞ்சளும் மையும் கலந்து பச்சைக் கறையாகக் கிடந்தது. தொகை இல்லை, பேர் இல்லை. ஏலக்காரர் அதை விரல் நுனியால் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். கூட்டம் சிரித்தது. பொன்னுவேல் பாங்குக்கு ஓடினான். பணம் எங்கும் போகாது, ஆனால் மதுரைப் பெரிய ஆபீசிலிருந்து பதில் வந்த பிறகுதான் வேறு எழுதித் தருவோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அதுவரை காத்திருக்க ஏலக்காரர் என்ன மாமனா மச்சானா?

அவன் திரும்பி வந்தபோது கூட்டத்தில் உட்கார்ந்திருந்த சேனாதிபதி எழுந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து மடிப்புக் கலையாத ஒரு டிராப்டை எடுத்து மேசைமேல் வைத்தார். போட்டிக்கு ஆள் இல்லை. பொன்னுவேல் கொண்டுவந்த தொகைக்கும் குறைவாகவே நிலம் அவருக்கு முடிந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததென்று அவரே உச்சுக்கொட்டினார். வேற எவனுக்கும் போயிரக்கூடாதேன்னுதான் எடுத்தேன் என்றும் சொன்னார்.

பொன்னுவேல் அத்தனை பேர் முன்னாலும் பெண்டாட்டியை அறைந்தான்.

"மூதேவி. ஒங் கை வெளங்குமா?"

சேனாதிபதிதான் அவன் கையைப் பிடித்து விலக்கினார், பொம்பளைக்கு என்ன தெரியும் என்று. சுந்தரி அழவில்லை. அறை சரிதான் என்று நினைத்தாள். தன் புருசன் குடியைத் தானே கெடுத்தோம் என்று நெஞ்சு வெந்தது. அதற்குப் பிறகு அவள் எதற்கும் மஞ்சள் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்த எதற்கும் அக்கம்பக்கத்தில் யாராவது வந்து வைத்தார்கள். ஊரில் நல்லது கெட்டதுக்கு அவளைக் கூப்பிடுவதும் நின்றது.

அடுத்த விதைப்புக்கு முன் சேனாதிபதி கவுஞ்சிக்கு வந்தார். குடிசையில் இருந்துகொள்ளலாம், பாடுபடலாம், பாதி வெள்ளாமை தனக்கு என்று குத்தகைச் சீட்டு எழுதிக் கொண்டுவந்திருந்தார். பொன்னுவேல் கைநாட்டு வைத்தான். வேறு போக்கிடம் ஏது?

"மஞ்சள் கொண்டாங்க தாயி," என்றார்.

தன் கை ஆகாத கை என்று அவள் பின்வாங்கினாள்.

"எனக்கு ராசியான கைதான்." பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார். "ஆனா பொடியாத் தொட்டு வைங்க. தண்ணி பட்டா மை கலைஞ்சிரும்."

சுந்தரி நிமிர்ந்து பார்த்தாள். அவர் சாதாரணமாக மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னுவேலுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. முதலாளி காத்துக் கெடக்காரு, வெரசா வை என்று அதட்டினான்.

அவள் மஞ்சள் பொடியைத் தொட்டு நாலு மூலையிலும் வைத்தாள். ஓர் எழுத்தும் கலையவில்லை.