மடித்த பிஸ்கட் ஒன்று

அதிர்ஷ்ட பிஸ்கட்டை எங்கள் சீன ஆட்கள் தின்பதில்லை. செய்வது நாங்கள், பரிமாறுவது நாங்கள், உடைத்து உள்ளே இருக்கும் பலன் சீட்டைப் படித்துச் சிரிப்பது வெள்ளைக்காரர்கள். எங்கள் ஆள் ஒருவர் ஹோட்டலில் சாப்பிட்டு முடித்தால் அவர் மேஜைக்கு ஆரஞ்சுத் துண்டுகள் போகும், இல்லாவிட்டால் சிவப்புப் பயறு போட்ட இனிப்புக் கஞ்சி ஒரு கிண்ணம் போகும். தப்பித்தவறி பிஸ்கட்டைக் கொண்டுபோய் வைத்தால், "என்னைப் பார்த்தா ஊர் சுத்திப் பார்க்க வந்தவன் மாதிரியா இருக்கு?" என்று சண்டைக்கே வந்துவிடுவார்கள். சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் அந்த ஒரு நாள் அது என் புத்திக்கு எட்டாமல் போயிற்று.

என் பெயர் யுக் லின். ஸ்டாக்டன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குவான் அம்மாவின் பிஸ்கட் பட்டறை இருந்தது. அங்கே எனக்கு மடிக்கிற வேலை. இயந்திரம் வட்டமாகச் சுற்றிவரும், அதன்மேல் சின்னச் சின்ன தோசைக்கல் மாதிரித் தட்டுகள், ஒவ்வொன்றிலும் மெல்லிசாக ஒரு வட்டம் வெந்துகொண்டிருக்கும். சூட்டோடு சூடாக விரலால் எடுத்து, சீட்டை வைத்து, இரண்டாக மடித்து, கம்பியில் வைத்து ஒரு வளை வளைக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துக்கொண்டு நின்றால் போச்சு, அப்பளம் மாதிரி விறைத்துவிடும். தட்டையாகவே தூக்கிக் கழிசல் கூடையில் போட வேண்டியதுதான். சீட்டில் இருப்பது இங்கிலீஷ், எனக்கு அது படிக்க வராது. ஊரில் உள்ளவர்களின் நல்ல காலமெல்லாம் என் விரலைச் சுட்டுவிட்டுத்தான் போயிற்று. எனக்கு என்ன காலம் என்று சொல்லத்தான் ஆளில்லை.

என் புருஷன் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. சலவைக்கடையில் வேலை பார்த்தவர். நல்ல மனுஷன், குடி கிடையாது, சூது கிடையாது. ஆனால் எதை வைத்தாலும் குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டு எழுந்து போவார். உப்பு கூடுதல் என்றோ குறைச்சல் என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை. நான் சாப்பிட்டேனா என்று பார்த்ததும் இல்லை. இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பீர்கள். நாற்பத்தைந்து வயதில் 'தங்க நாரை' சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடும்வரை எனக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

தங்க நாரை எங்கள் சந்து முனையில் இருந்த ஹோட்டல். மத்தியானக் கூட்டம் வடிந்தபிறகு பிஸ்கட் பெட்டியை நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த நேரத்தில்தான் அங்கே வேலை செய்கிறவர்கள் தங்களுக்கென்று சமைத்துச் சாப்பிட உட்காருவார்கள். வெள்ளைக்காரர்களுக்குப் போகும் சிவப்புக் குழம்பு, அன்னாசிப்பழம் போட்ட பன்றிக்கறி எதுவும் அந்த மேஜைக்கு வராது. கொத்திய கறிமேல் கருவாட்டுத் துண்டை வைத்து ஆவியில் அவித்தது வரும். பாகற்காய் வரும். வெண்பூசணி சூப் வரும். பானையின் அடியில் பிடித்த சோற்றுக் காந்தலைப் பெயர்த்துக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கிற டீயை அதன்மேல் ஊற்றித் தருவார் செங் மாஸ்டர். அந்த வாசனைக்கு நான் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் சுமப்பேன்.

மாஸ்டரின் முழுப் பெயர் ஹோய் செங். மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை, கல்யாணம் கட்டாமலே ஐம்பதைத் தொட்டவர். ஆவியில் வெந்த மீனைத் தட்டில் வைத்து, மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, புகையும் எண்ணெயைச் சுர்ரென்று ஊற்றுவார். ஒரு பக்கச் சதை தீர்ந்ததும் மீனைப் புரட்டிப் போடமாட்டார். புரட்டினால் கடலில் யாருடைய படகோ கவிழும் என்பது அவர்கள் வழக்கம். எலும்பை மட்டும் அலுங்காமல் தூக்கி எடுப்பார். எல்லாவற்றுக்கும் முன்னால், மீனின் கன்னத்துச் சதையைச் சாப்பிடுகிற குச்சியால் நோண்டி என் கிண்ணத்தில் வைப்பார். அதற்குமேல் ருசியான துண்டு மீனில் இல்லை. நான் அதை வாயில் போடும்வரை நின்றுகொண்டே இருப்பார், போட்டதும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

பரிமாறுகிற கியூன் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. "மாஸ்டர், எங்க கிண்ணமெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியாதா?"

"உன் கன்னத்துலயே சதை நிறைய இருக்கு. பேசாம தின்னு."

பதிலுக்கு நானும் ஒன்று கொண்டுபோவேன். கழிசல் கூடையிலிருந்து தட்டை பிஸ்கட்டுகள், ஒரு காகிதப் பை நிறைய. எங்கள் ஆட்கள் தின்பதாக இருந்தால் அதைத்தான் தின்பார்கள், டீயோடு. உள்ளே சீட்டு இருக்காது.

"இதுதான் நல்ல பிஸ்கட்டு. எதுவும் பேசாது" என்றார் ஒரு நாள்.

"உங்களை மாதிரி" என்றேன்.

அவர் காது சிவந்துபோயிற்று. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை கியூன் அண்ணன் சோற்றைக் குச்சியால் அள்ளியபடியே சொன்னார்: "லின், விஷயம் தெரியுமா? ஞாயித்துக்கிழமை மாஸ்டர் சாக்ரமெண்டோ போறாரு. சித்தப்பா மகன் அங்க சாப்பாட்டுக்கடை போடறான். இனிமே நம்ம நாக்குக்கு நாதியில்ல."

என் குச்சி பாதியில் நின்றது. "எப்ப திரும்பி வருவீங்க?" என்று மாஸ்டரைக் கேட்டேன்.

"கடை போடறவன் எங்க திரும்பி வர்றது?" என்றார் கியூன் அண்ணன்.

"அங்க இருக்கறதுக்கு இடம்கூட இன்னும் ஆகல. மூட்டைக்கு நடுவுலதான் படுக்கணும்" என்றார் மாஸ்டர். அதைக் கியூனிடம் சொல்லவில்லை, என் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவங்ககிட்டச் சொல்லிட்டுக் கிளம்புங்க. ஆறின கஞ்சி பழங்கஞ்சி."

"கஞ்சியை அவசரப்படுத்தினா கஞ்சி ஆகாது. சோறு தனியா தண்ணி தனியா நிக்கும்" என்றார் மாஸ்டர். அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்பது வயசுக்கு மேலே இன்னும் எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டுமாம் அந்தக் கஞ்சி?

அவர் கேட்கமாட்டார், சரி. என் வாயாலும் எனக்குச் சொல்ல வராது. எழுதலாமே என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை பட்டறையில் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கிழித்து, எங்கள் எழுத்தில் எழுதினேன்: 'கேட்டால் வருவேன்.' இயந்திரம் சுற்றிவந்தது. நல்ல பொன்னிறமாக ஒன்று வரும்வரை காத்திருந்து எடுத்து, என் சீட்டை உள்ளே வைத்து மடித்தேன். என் ஆயுசில் அவ்வளவு அழகாக ஒன்றை நான் மடித்ததில்லை. வழக்கமான காகிதப் பையில், தட்டை பிஸ்கட்டுகளுக்கு மேலே அதை வைத்துக் கொண்டுபோனேன்.

"உங்களுக்கு" என்று பையை நீட்டினேன்.

மாஸ்டர் பையைத் திறந்தார். மடித்த பிஸ்கட்டை எடுத்துப் பார்த்தார். "அடடா, வாடிக்கைக்காரங்களோடது ஒண்ணு தவறி வந்துடுச்சு" என்றார். பக்கத்தில் ஒரு மேஜைக்குப் போகத் தயாராகப் பிஸ்கட் தட்டு ஒன்று இருந்தது. அதன் உச்சியில் பத்திரமாக வைத்தார். நேர்மையான மனுஷன், அடுத்தவர் பண்டம் ஒன்றுகூடத் தன்னிடம் தங்கக் கூடாது அவருக்கு. கியூன் அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு கதவைத் தோளால் தள்ளிப் போயே போய்விட்டார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் ஆளுக்கு மடித்த பிஸ்கட்டை எவளாவது கொண்டுவந்து கொடுப்பாளா? எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே. கதவில் இருந்த வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீலத் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி அதையே எடுத்தாள். உடைத்தாள். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கியூன் அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் வாங்கிப் படித்தார், புருவம் மேலே ஏறியது. ஏதோ சொன்னார். கிழவி கைகொட்டிச் சிரித்தாள், சீட்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுப் பூட்டினாள். என் வாழ்க்கையைப் பூட்டியதுபோல 'டக்'கென்று சத்தம் கேட்டதாக நினைப்பு. அத்தனை தூரத்துக்குக் கேட்டிருக்காது.

கியூன் அண்ணன் உள்ளே வரும்போதே ஆரம்பித்துவிட்டார். "கேளுங்க கூத்தை! பிஸ்கட்டுக்குள்ள நம்ம எழுத்து! 'கேட்டால் வருவேன்'னு எழுதியிருக்கு. எவ எவனுக்கு எழுதினாளோ, பாவம், அது நீலத் தொப்பிக்காரி பையில போயிடுச்சு!"

பாத்திரம் கழுவுகிறவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் கேட்டேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது: "அவகிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"நீண்ட ஆயுசுன்னு சொன்னேன். உள்ளதைச் சொன்னா அவ புருஷன் என்னை அடிக்க வரமாட்டானா?" சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தவர், அப்புறம் காகிதப் பையைப் பார்த்தார். சிரிப்பு பட்டென்று நின்றுபோயிற்று. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போனார்.

மாஸ்டர் அடுப்பைப் பார்த்தபடியே நின்றார். பூண்டு தீய்ந்து புகைந்தது. அவர் கையில் பூண்டு தீய்ந்து நான் பார்த்ததே இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று உட்கார்ந்திருந்தேன். மீன் வந்தது. ஒரு கன்னத்தை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். பிறகு எலும்பைத் தூக்கிவிட்டு, இன்னொரு கன்னத்தையும் எடுத்து வைத்தார். மீனுக்கு இருப்பதே இரண்டு. இதோடு கணக்குத் தீர்ந்தது, போய் வா என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்துக்கு நான் போகவில்லை. போவதற்கு நான் யார்? கீரை வாங்குகிறவள் மாதிரித் தெருமுனைக் கடையில் நின்றேன். துணியில் கட்டிய வாணலியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

எங்கள் ஆட்கள் எதிரே யார் வந்தாலும் கேட்கிற கேள்விதான். "சாப்பிட்டேன்" என்றேன். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை எனக்கு. தலையை ஆட்டிவிட்டுப் போனார். கீரைக்காரி, "கீரைக்கட்டைப் பிசைஞ்சே கொன்னுட்டியே, வாங்கறியா இல்லையா?" என்றாள்.

தங்க நாரைக்குப் புதுசாக வந்த மாஸ்டர் மீனைச் சட்டென்று புரட்டிப் போட்டான். கன்னத்தை அவனே தின்றான். அதற்கப்புறம் பெட்டியை வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். வீட்டில் மீன் வாங்கி நானே ஆவியில் வைத்துப் பார்த்தேன். இஞ்சி, வெங்காயத்தாள், எண்ணெய் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கன்னத்தை நானே எடுத்து என் கிண்ணத்திலேயே வைத்துக்கொண்டேன். யாரும் நிற்கவில்லை. அப்படித் தின்றால் அது வெறும் மீன். அவர் சமையலுக்கு நாக்கு ஏங்குகிறது என்றுதான் அதுவரை என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தெரிந்தது. எனக்கு மீன் வேண்டாம். அதை வைத்துவிட்டு நிற்கிறாரே, அவர் வேண்டும்.

குளிர்காலம் போய், எங்கள் புத்தாண்டுப் பட்டாசுக் காகிதமெல்லாம் தெருவில் கிடந்து மழையில் ஊறி, வெயிலும் வந்துவிட்டது. ஒரு நாள் பட்டறைக் கோடியிலிருந்து குவான் அம்மா இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். கையில் டெலிபோன்.

"லின்! சாக்ரமெண்டோவுல இருந்து ஒரு கிறுக்கன் பேசறான். எல்லாரும் பெட்டி பெட்டியாக் கேட்பாங்க, இவனுக்கு ஒரே ஒரு பிஸ்கட் வேணுமாம். மடிச்சது ஒண்ணு! வாடிக்கைக்காரங்களுக்கான்னு கேட்டேன், இல்ல எனக்குங்கறான். பேச்சைக் கேட்டா நம்ம ஆளு. நம்ம ஆளு எவனாவது இதைத் திம்பானா?"

என் கையில் ஒரு பிஸ்கட் சூட்டோடு இருந்தது. மடிக்க மறந்துபோனேன். "வேற என்ன சொன்னாரு?"

"கடைக்கு மேல ரெண்டு ரூம் கிடைச்சிருக்காம். ஜன்னலைத் திறந்தா ஆறு தெரியுதாம். இதெல்லாம் எங்கிட்ட எதுக்கு? நான் என்ன வீட்டுத் தரகரா? ஒத்தைப் பிஸ்கட்டை எப்படிடா அனுப்பறதுன்னா பதிலைக் காணோம். வைக்கவும் மாட்டேங்கறான், மூச்சு மட்டும் விடறான்."

போய் வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் எண்ணெய் சுர்ரென்று பொரிகிற சத்தம் கேட்டது. "நான்தான்" என்றேன்.

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

"இல்ல" என்றேன். "நீங்க போனதுல இருந்து இல்ல."

எண்ணெய்ச் சத்தம் அடங்கியது. அடுப்பை அணைத்திருக்கிறார்.

"அப்ப வாங்க" என்றார்.

எனக்குப் பின்னால் இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லாமல் பிஸ்கட்டெல்லாம் தட்டை தட்டையாக விறைத்துக்கொண்டிருந்தன. "எல்லாம் பாழாப் போகுதுடி, பாவி!" என்று குவான் அம்மா அடித்துக்கொண்டாள். அவருக்குப் பிடித்தது அதுதானே, ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.